இகத்புரியில் பத்து நாள்

கைபேசி, புத்தகம், பேச்சு மூன்றையும் வாசலில் ஒப்படைத்துவிட்டு உள்ளே போகிறவர்கள் நிம்மதியைத் தேடித்தான் போகிறார்கள். முதலில் கிடைப்பது முழங்கால் வலி.

மும்பையின் புறநகர் ரயில் கசாராவோடு முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் மலை. நாசிக் பக்கம் போகும் நீண்டதூர ரயில்களுக்குக்கூட இங்கே பின்னால் கூடுதல் என்ஜின் பூட்டித்தான் மேலே தள்ளுகிறார்கள். 37 அடி போனால் ஓரடி ஏறும் பாதை. மழைக்காலத்தின் ஒரு மதியம், டோம்பிவிலியிலிருந்து லோக்கலில் வந்து இறங்கிய 52 வயதுத் தமிழ்ப் பெண்மணி ஒருவர், கசாராவில் ஷேர் ஜீப் பிடித்து இகத்புரி போய்ச் சேர்ந்தார். தோளில் ஒரு பை. அதில் தொளதொளவென்று நான்கு சல்வார் கமீஸ், ஒரு டார்ச், ஒரு அலாரம் கடிகாரம், தலைவலித் தைலம். வீட்டில் இருப்பவர்களைத் தவிர யாரிடமும் அவர் சொல்லிக்கொண்டு வரவில்லை. தாணேயில் அவர் கணக்கு பார்க்கும் கம்பெனியில் 'ஊரில் கல்யாணம்' என்று லீவு எழுதிக் கொடுத்திருந்தார்.

தம்மகிரி என்ற அந்த விபஸ்ஸனா தியான மையத்தின் பதிவு மேசையில் கைபேசியை வாங்கிக்கொண்டார்கள். பேனாவையும் வாங்கிக்கொண்டார்கள். பையின் ஓரத்தில் இருந்த சின்ன ஸ்தோத்திரப் புத்தகத்தைக் கேட்டபோதுதான் அவர் தயங்கினார். பத்து நாளைக்கு ஜபம், பூஜை, விரதம் எதுவும் கூடாது என்பது விதி. யாருடைய சாமிக்கும் விரோதமில்லை, ஒரு பயிற்சியில் இன்னொன்றைக் கலக்கக் கூடாது, அவ்வளவுதான் என்று விளக்கினார்கள். கொடுத்துவிட்டார். விண்ணப்பப் படிவத்தில் மனநோய்க்கு மருந்து சாப்பிடுகிறீர்களா என்றொரு கேள்வி இருந்தது. இல்லை என்று முன்பே எழுதியிருந்தார். ஏன் வருகிறீர்கள் என்று கேட்ட இடத்தில் 'மன அமைதி' என்று எழுதியிருந்தார். அது முழு உண்மை இல்லை.

உண்மை இது. அவருடைய அம்மாவுக்கு 79 வயது. திருநெல்வேலிப் பக்கம். கணவர் போன பிறகு மகள் வீட்டுக்கு வந்தவர். மூன்று வருடமாக ஞாபகம் கழன்றுகொண்டே போகிறது. ஊர், உறவு, பழைய பாட்டு எல்லாம் இருக்கிறது. இன்றைக்கு நடந்ததுதான் தங்குவதில்லை. அதில் ஒரே ஒரு கவலை மட்டும் ஆணியடித்த மாதிரி நின்றுவிட்டது: "கேஸ அணைச்சிட்டியாட்டி?" பதில் சொன்னால் இரண்டு நிமிடம் நிம்மதி. பிறகு மறுபடியும் அதே கேள்வி, அதே குரலில், முதல் தடவை கேட்பது போல. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் எத்தனையாவது தடவையோ தெரியாது, மகள் அம்மாவின் புறங்கையில் பட்டென்று அடித்துவிட்டார். கால் மணி நேரம் கழித்து அம்மா தன் கையைத் தூக்கிப் பார்த்துக் கேட்டார்: "இது எப்படிட்டி செவந்திருக்கு?"

அம்மா மறந்துவிட்டார். மகளால் முடியவில்லை. சென்னையிலிருக்கும் தம்பியைக் கெஞ்சி, அம்மாவைப் பன்னிரண்டு நாள் வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு இகத்புரிக்கு ரயிலேறியதன் காரணம் அந்தச் சிவந்த கைதான்.

தம்மகிரி கண்டிப்பாகச் சொன்னால் விகாரை இல்லை. காவியுடுத்த பிக்குகள் அங்கே நிரந்தரமாகக் குடியிருப்பதில்லை. ஆனால் உள்ளே வருகிற வக்கீலும் டாக்டரும் கடைக்காரரும் பத்து நாளைக்கு ஏறக்குறைய பிக்கு வாழ்க்கைதான் வாழ வேண்டும். பிறர் கொடுத்த தானத்தில் சாப்பிட வேண்டும், பேசக் கூடாது, பொழுது விடியும் முன் எழுந்துவிட வேண்டும். பர்மாவில் இது புதிதல்ல. அங்கே பையன்களுக்கு மொட்டையடித்துச் சில நாளோ சில வாரமோ மடத்தில் விடுவது நம்மூர்க் காதுகுத்து போல ஒரு குடும்ப விசேஷம். பெரியவர்களும் லீவு போட்டுவிட்டுப் போய்ச் சில நாள் துறவியாக இருந்துவிட்டுத் திரும்பி வேலைக்குப் போவார்கள். துறவு என்றால் ஒரேயடியாக என்று நினைத்துப் பழகிய நமக்குத்தான் இது விநோதம்.

அந்தப் பழக்கத்தை மொட்டை இல்லாமல் இந்தியாவுக்குக் கொண்டுவந்தவர் எஸ்.என். கோயங்கா. 1924ல் மாண்டலேயில் ஒரு மார்வாடிக் குடும்பத்தில் பிறந்தவர், பெரிய வியாபாரி. கடுமையான ஒற்றைத் தலைவலிக்கு மார்ஃபின் ஊசி போட்டுக்கொண்டிருந்த நிலையில் ரங்கூனில் ஊ பா கின் என்ற ஆசிரியரிடம் போனார். ஊ பா கின் சாமியார் அல்ல; சுதந்திர பர்மாவின் அக்கவுன்டன்ட் ஜெனரல். அவருடைய ஆசிரியர் சாயா தெட்ஜி ஒரு விவசாயி. அவருக்கும் முந்தியவர்தான் துறவி: லெடி சயாடோ (1846–1923). துறவிகளின் சொத்தாக இருந்த பயிற்சியைச் சம்சாரிகளுக்குத் திறந்துவிட்டதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. தலைவலிக்காக மட்டும் என்றால் வராதே என்று ஊ பா கின் முதலில் திருப்பி அனுப்பியதை கோயங்காவே பல தடவை சொல்லியிருக்கிறார். 1955ல் பயிற்சியை ஆரம்பித்து, 14 வருடம் கழித்து 1969ல் இந்தியா வந்தார். இகத்புரி மையம் 1976லிருந்து இயங்குகிறது. கோயங்கா 2013ல் காலமாகிவிட்டார். ஆனாலும் இன்றுவரை வகுப்பு எடுப்பது அவர்தான். ஒலிநாடாவில் பதிந்த அந்தக் கரகரத்த குரல் ஆணையிடுகிறது. உதவி ஆசிரியர்கள் எதிரே உட்கார்ந்திருந்து, சந்தேகம் கேட்டால் சுருக்கமாகப் பதில் சொல்கிறார்கள்.

நாலு மணிக்கு மணி அடிக்கிறார்கள். நாலரையிலிருந்து ஆறரை வரை தியானம். ஆறரைக்குக் காலை உணவு. பதினோரு மணிக்குச் சாப்பாடு. மாலை ஐந்து மணிக்குப் புதியவர்களுக்குப் பழமும் டீயும். முன்பே வந்து போனவர்களுக்கு எலுமிச்சைத் தண்ணீர் மட்டும். ராத்திரி ஒன்பதரைக்கு விளக்கணைப்பு. கூட்டிப் பார்த்தால் ஒரு நாளைக்குப் பத்தே முக்கால் மணி நேரம் கண்ணை மூடி உட்கார வேண்டும். பேச்சு மட்டுமல்ல, சைகையும் கூடாது. பக்கத்துக் கட்டில்காரரைப் பார்த்துச் சிரிக்கவும் கூடாது. இதற்கு 'ஆரிய மௌனம்' என்று பெயர். தமிழ் வாசகர் புருவத்தை உயர்த்த வேண்டாம். பாலி மொழியில் அதற்கு 'மேன்மையான' என்றுதான் பொருள்.

முதல் மூன்றரை நாள் ஒரே வேலை. மூச்சு மூக்கு வழியாகப் போகிறது, வருகிறது. அதைக் கவனிக்க வேண்டும். இழுத்துவிடக் கூடாது, எண்ணக் கூடாது, மந்திரத்தோடு சேர்க்கக் கூடாது. கேட்பதற்கு இதைவிடச் சுலபமான வேலை இருக்க முடியாது. டோம்பிவிலிப் பெண்மணி முதல் நாள் காலையில் தன்னைச் சோதித்துப் பார்த்துக்கொண்டார். தொடர்ந்தாற்போல் ஐந்து மூச்சு கவனிக்க முடியவில்லை. மூன்றாவது மூச்சில் ஆபீஸ் ஜிஎஸ்டி கணக்கு. அப்புறம் தம்பி மனைவி அம்மாவுக்கு மாத்திரை கொடுத்திருப்பாளா. அப்புறம் காரணமே இல்லாமல் 1985ல் பார்த்த ஒரு சினிமாவின் சண்டைக் காட்சி. மௌனம் என்று பெயர், உள்ளே சந்தைக்கடை.

அவருக்கு மட்டும் அப்படி என்றில்லை. 2010ல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் இருவர் 2,250 பேரிடம் நாளின் பல நேரங்களில் கைபேசி வழியே கேட்டுப் பார்த்தார்கள்: இந்த நிமிடம் என்ன செய்கிறீர்கள், என்ன நினைக்கிறீர்கள்? 46.9 சதவீத நேரம், செய்கிற காரியத்தில் மனம் இல்லை. ஏறக்குறையப் பாதி வாழ்க்கைக்கு ஆள் வருவதே இல்லை என்று அர்த்தம்.

இங்கே கற்றுக்கொடுக்கும் விஷயத்துக்கு பாலியில் 'சதி' என்று பெயர். சமஸ்கிருத ஸ்மிருதியின் உடன்பிறப்பு. நேரடிப் பொருள், ஞாபகம். 1881ல் ரைஸ் டேவிட்ஸ் என்ற அறிஞர் அதை ஆங்கிலத்தில் 'மைண்ட்ஃபுல்னெஸ்' என்று மொழிபெயர்த்தார். அதே சொல்தான் இன்று கைபேசிச் செயலியாகவும் கம்பெனிப் பயிலரங்காகவும் திரும்பி வந்து நம்மிடமே விற்கப்படுகிறது. அதைத் தமிழாக்குகிறோம் என்று பத்திரிகைகள் படுகிற பாடு கொஞ்சமல்ல. ஒருவர் 'நினைவாற்றல்' என்று எழுதிப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோரை ஆவலோடு திரும்பிப் பார்க்க வைக்கிறார். உண்மையில் இந்தச் சொல்லுக்கு நாம் எங்கும் போக வேண்டியதில்லை. 'நினைவு தெரிந்த நாள் முதல்' என்கிறோம். மயக்கம் போட்டு விழுந்தால் 'நினைவு தப்பிவிட்டது' என்கிறோம். பழசை நினைப்பதற்கும் இப்போது விழித்திருப்பதற்கும் தமிழ் ஒரே சொல்லைத்தான் வைத்திருக்கிறது. பாலியும் அப்படித்தான்.

பாலி நூல்களில் இதற்கு ஆதாரமாகக் காட்டப்படும் சதிபட்டான சுத்தம் வானத்தைப் பற்றியெல்லாம் பேசுவதில்லை. நடக்கும்போது நடப்பது தெரிய வேண்டும். கையை மடக்கும்போதும் நீட்டும்போதும், சாப்பிடும்போதும், துணி உடுத்தும்போதும், கொல்லைக்குப் போகும்போதும்கூடத் தெரிய வேண்டும் என்கிறது. குரு நாட்டில், அதாவது இன்றைய டெல்லி வட்டாரத்தில், புத்தர் சொன்னதாக மரபு. ஆபீசுக்குக் கிளம்பும் அவசரத்தில் பூட்டினோமா இல்லையா என்று பாதி வழியில் நின்று யோசிக்கிற எவருக்கும் இதன் அருமை விளங்கும். அந்தக் கணத்தில் கை பூட்டியது. ஆள் அங்கே இல்லை.

இரண்டாம் நாள் சாயந்திரம், படுக்கையறைக்கு வெளியே துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது அவர் மணிக்கட்டில் ஒரு கொசு உட்கார்ந்தது. மழைக்காலத்து இகத்புரியில் கொசுவுக்குப் பஞ்சமில்லை. வந்த அன்றே எடுத்துக்கொண்ட ஐந்து சீலங்களில் முதலாவது, உயிர்வதை கூடாது. ஆனால் கைக்கு அதெல்லாம் தெரியாது. அது மேலே எழும்பிவிட்டது. பாதி வழியில் அவர் அதைப் பார்த்தார். ஓங்கிய கை, விறைத்த விரல்கள், இறுகிய தாடை. இந்தக் கையை அவருக்கு ஏற்கெனவே தெரியும். அன்றைக்கு அது அம்மாவின் கைமேல் இறங்கிய பிறகுதான் பார்த்தார். இன்று இறங்குவதற்கு முன்னால். கொசு குடித்துவிட்டுப் பறந்துபோயிற்று. அவர் ஈரத் துணியோடு அங்கேயே நின்று அழுதார். சைகைகூடத் தடை செய்யப்பட்ட இடத்தில் ஒருவர் அழுதால் யாரும் வந்து என்ன ஏதென்று கேட்பதில்லை. முதலில் அது கொடுமையாக இருந்தது என்கிறார். பிறகு, கேட்காமல் விட்டதற்காக நன்றியாக இருந்ததாம்.

நாலாம் நாள் பிற்பகல்தான் விபஸ்ஸனா தொடங்குகிறது. உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை கவனத்தை நகர்த்திக்கொண்டு போக வேண்டும். அரிப்பு, சூடு, துடிப்பு, வலி எது இருந்தாலும் பார்க்க வேண்டும். பார்த்துவிட்டுச் சும்மா இருக்க வேண்டும். அதிலிருந்து தினம் மூன்று தடவை, ஒரு மணி நேரம் கையைப் பிரிக்காமல், காலை மாற்றாமல், கண்ணைத் திறக்காமல் உட்கார வேண்டும். 'அதிட்டானம்' என்று பெயர். நம் ஊர் மொழியில் வைராக்கியம். நாற்பதாவது நிமிடத்தில் முழங்காலில் யாரோ திருகாணி முறுக்குவது போலிருக்கும். முதுகு முடியாதவர்களுக்கு நாற்காலி தருகிறார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இங்கேதான் ஒலிநாடாக் குரல் திரும்பத் திரும்ப 'அனிச்சா' என்கிறது. நிலையற்றது, மாறிக்கொண்டே இருப்பது. தமிழ்க் காதுக்கு மோந்தால் வாடிவிடும் அனிச்சப்பூ ஞாபகம் வருவதைத் தவிர்க்க முடியாது. இரண்டு சொல்லுக்கும் உறவு கொண்டாட வேண்டியதில்லை என்றாலும் பொருத்தம் நன்றாகத்தான் இருக்கிறது. திருக்குறளில் நிலையாமை என்று ஓர் அதிகாரமே உண்டு. பெண்மணி அதைப் பள்ளிக்கூடத்தில் மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்தவர். முழங்கால் வலி நாற்பத்தைந்தாவது நிமிடத்தில் நெருப்பாகி, ஐம்பதாவது நிமிடத்தில் சின்னச் சின்னத் துடிப்புகளாக உடைந்து, ஐம்பத்திரண்டில் மறுபடி நெருப்பானதைப் பார்த்தபோது அந்த அதிகாரத்துக்கு இப்போதுதான் உரை கிடைத்தது என்று நினைத்துக்கொண்டாராம்.

எல்லாம் இப்படியே சுபமாகப் போகவில்லை. நாலாம் நாள் ராத்திரி அவர் பையைக் கட்டிவிட்டார். கண்ணை மூடினால் அம்மாவின் கை. அம்மா இறந்துவிட்டது போலவும், அதைத் தனக்குச் சொல்லாமல் மறைப்பது போலவும் ஒரு பயம். மறுநாள் மதியம் ஆசிரியையைப் பார்த்துப் போகிறேன் என்றார். அந்த அம்மாள் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. பயம் வரும்போது உடம்பில் எங்கே தெரிகிறது என்று மட்டும் கேட்டார். நெஞ்சுக்கு நடுவில், ஒரு கை அகலத்துக்கு. சரி, அந்த இடத்தையே பாருங்கள். அவசரமான தகவல் இருந்தால் வீட்டிலிருந்து அலுவலகத்துக்குப் போன் வரும், உடனே சொல்வோம் என்றார். பெண்மணி இன்னும் ஒரு நாள் பார்ப்போம் என்று தங்கினார்.

அவரால் தங்க முடிந்தது. எல்லோருக்கும் முடியும் என்று சொல்வதற்கில்லை. ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் மனதைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்வது சிலருக்குக் கடும் பதற்றத்தையும் தூக்கமின்மையையும் குழப்பத்தையும் கொடுத்துவிடக்கூடும். பௌத்த தியானம் பழகிய மேற்கத்தியர்களிடம் இத்தகைய அனுபவங்களைக் கேட்டுத் தொகுத்த ஆய்வு ஒன்று 2017ல் 'பிளாஸ் ஒன்' இதழில் வெளியானது. மனநோய்க்குச் சிகிச்சை பெறுபவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதில் இறங்கக் கூடாது. படிவத்தில் இருக்கும் அந்தக் கேள்வி சம்பிரதாயத்துக்கு அல்ல; அதற்குப் பொய்ப் பதில் எழுதிவிட்டு வருகிறவர்கள் தங்களுக்குத்தான் தீங்கு செய்துகொள்கிறார்கள்.

பலன் என்ன என்றால், விஞ்ஞானத்தின் பதில் விளம்பரங்களைவிட அடக்கமானது. 1979ல் ஜான் கபாட்-ஸின் என்பவர் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில், தீராத வலிக்காரர்களுக்காக பௌத்தப் பயிற்சியை மதம் நீக்கிப் பாடமாக்கினார். அன்று முதல் நூற்றுக்கணக்கில் ஆய்வுகள். 47 பரிசோதனைகளை, 3,515 பேரின் விவரங்களை ஒன்றுசேர்த்து 2014ல் 'ஜாமா இன்டர்னல் மெடிசின்' இதழ் வெளியிட்ட அலசல், தியானம் பதற்றத்தையும் மனச்சோர்வையும் வலியையும் ஓரளவு குறைக்கிறது என்றது. உடற்பயிற்சியையோ மருந்தையோ விட மேலானது என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை என்றும் அதே அலசல் சொல்கிறது. 1994ல் கிரண் பேடி சிறைத்துறை ஐ.ஜி.யாக இருந்தபோது திகார் சிறையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கைதிகள் ஒரே சமயத்தில் இந்தப் பத்து நாள் பயிற்சியில் உட்கார்ந்தது உலகம் முழுக்கப் பேசப்பட்டது. அங்கே அழுதவர்களும் உண்டு. அழுத எல்லோரும் திருந்தினார்கள் என்று கொள்ள வேண்டியதில்லை. அழுததற்கும் ஒரு மதிப்பு இருக்கிறது.

பத்தாம் நாள் முற்பகல் மௌனம் கலைகிறது. அதுவரை குனிந்த தலையோடு வரிசையில் நின்ற பெண்கள் ஒரே சமயத்தில் பேசத் தொடங்கியபோது சாப்பாட்டுக்கூடம் தாதர் ஸ்டேஷன் போலாயிற்று. பத்து நாளாக எதிர்க் கட்டிலில் படுத்திருந்த, முகத்தைச் சுளித்தபடியே நடமாடிய பெண்ணைத் திமிர் பிடித்தவள் என்று டோம்பிவிலிப் பெண்மணி முடிவு கட்டி வைத்திருந்தார். கேட்டால் அவருக்குப் பல்வலி. ஒரு சொல் பேசாமல், ஒரு தகவல் தெரியாமல், ஒருத்தியைப் பற்றி இவ்வளவு பெரிய கதையைத் தன் மனம் தைத்து வைத்திருந்ததை நினைத்து இப்போதும் சிரிக்கிறார். சாப்பாடு, தங்குமிடம் எதற்கும் கட்டணமில்லை. முழுப் பயிற்சியை முடித்தவர்களிடம் மட்டும், அவர்கள் விரும்பினால், நன்கொடை வாங்கிக்கொள்கிறார்கள். அவர் ஒரு தொகை கொடுத்து ரசீது வாங்கிக்கொண்டார். ஸ்தோத்திரப் புத்தகத்தையும் திரும்ப வாங்கிக்கொண்டார்.

டோம்பிவிலிக்குத் தம்பி அம்மாவைக் கொண்டுவந்து விட்ட அன்று, செருப்பைக் கழற்றுவதற்குள் கேள்வி வந்துவிட்டது. கேஸ அணைச்சிட்டியாட்டி? அணைச்சிட்டேம்மா. முதல் நாள் முழுக்கப் பொறுமையாகப் பதில் சொன்னார். இரண்டாம் நாள் சாயந்திரம் ஆபீசிலிருந்து லோக்கலில் நசுங்கி வந்த களைப்பில், குரல் உயர்ந்துவிட்டது. பத்து நாள் தியானம் இரண்டு நாளில் போயிற்றா என்றால், அவர் இல்லை என்கிறார். கத்துவதற்கு முன்னால் காது மடல் சூடானதும் பல் இறுகியதும் தெரிந்ததாம். தெரிந்தும் கத்தினேன், ஆனால் கை எழும்பவில்லை என்கிறார்.

அதற்கடுத்த வாரம்தான் அந்த யோசனை வந்தது. கேள்வி வந்ததும் வாயால் பதில் சொல்லாமல், அம்மாவின் கையைப் பிடித்துச் சமையலறைக்குக் கூட்டிப்போய், ரெகுலேட்டரை அவரையே தொட்டுத் திருப்பிப் பார்க்கச் செய்தார். அம்மா இரண்டு தடவை திருகிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். அன்றைக்கு அரை மணி நேரம் கேள்வி வரவில்லை. இது தியானத்தில் உதித்த ஞானம் என்று அவர் சொல்லிக்கொள்வதில்லை. வாக்குவாதம் வேண்டாம், கையைப் பிடித்துக் காட்டுங்கள் என்று ஞாபகமறதி டாக்டர் ஆறு மாதம் முன்பே சொல்லியிருந்தார். அன்றைக்கு அவர் எதிரே உட்கார்ந்து தலையாட்டியது நன்றாக நினைவிருக்கிறது. டாக்டர் சொன்னது காதில் விழவே இல்லை.

வீட்டுக்குப் போனபின் காலையில் ஒரு மணி, மாலையில் ஒரு மணி உட்காருங்கள் என்பது இகத்புரியின் அறிவுரை. பிள்ளைகுட்டி, ஆபீஸ், ரயில் என்று இருக்கிறவர்களில் எத்தனை பேர் அதைக் காப்பாற்றுகிறார்கள் என்று தெரியவில்லை. இவருக்குக் கிடைப்பது விடிகாலையில் குழாயில் தண்ணீர் வருவதற்கு முந்தைய அரை மணி. சில நாள் அதுவும் இல்லை, அம்மா எழுந்து வந்து, பக்கத்தில் உட்கார்ந்து, "யாருக்கு என்னட்டி ஆச்சு, இருட்டுல உக்காந்திருக்க?" என்று கேட்பார். கண்ணைத் திறந்து ஒண்ணுமில்லம்மா என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பற்றவைக்கப் போய்விடுகிறார்.

அடுத்த மழைக்காலத்துக்கு மறுபடி விண்ணப்பிக்க நினைக்கிறார். அம்மாவைப் பன்னிரண்டு நாள் வைத்துக்கொள்ள முடியுமா என்று சென்னைக்குப் போன் போட்டுக் கேட்டிருக்கிறார். தம்பி வீட்டில் கலந்துகொண்டு சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.